அடையாற்றங்கரை – 19: சட்டசபைக்குள் வந்த பிரசவ வார்டு

பனகல் அரசர் ஆட்சியில் 1924-ல் தொடங்கிய மானியக் கிராம வைத்தியசாலைகளைப் பற்றிச் சென்ற பகுதியில் பார்த்தோம். மருத்துவமும் சுகாதாரமும் இந்திய அமைச்சர்கள் கைக்கு வந்தபின் என்ன செய்ய முடிந்தது, எங்கே கை கட்டப்பட்டது என்பதற்கு அது நல்ல சான்று. அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் மருத்துவத்தைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள், ஜமீன்தார்கள், வியாபாரிகள். 1926 இறுதியில் ஒரு மருத்துவரே, அதுவும் பிரசவ அறையிலிருந்து வந்த ஒரு பெண் மருத்துவரே, உறுப்பினராக நியமிக்கப்பட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மந்தைவெளி வாசகர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், அடுத்தது கஸ்தூரிபா நகர். எக்ஸ்ரே, ஸ்கேன் உறைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கே இறங்குபவர்களில் பலர் போகும் இடம் அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்னும் கிழக்கே போனால் அவர் தொடங்கிய அவ்வை இல்லம். ஆனால் நம் பள்ளிப் பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் இந்தப் பெண்மணியை இரண்டாகப் பிரித்துவிட்டன. தேவதாசி முறையை எதிர்த்த சீர்திருத்தவாதி ஒருவர், மருத்துவமனை கட்டிய டாக்டரம்மா இன்னொருவர். இந்தப் பிரிவினை தவறு என்பதே இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது. சட்டமன்றத்தில் அவர் எடுத்த காரியங்கள் பெரும்பாலும் ஒரே சுகாதாரத் திட்டத்தின் உறுப்புகள். பின்னாளில் அவர் கட்டிய மருத்துவமனை, சட்டமன்றத்தில் பாதியில் நின்றுபோன அந்தத் திட்டத்தின் தொடர்ச்சி.

பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு காரணம், அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘முதல்’ என்ற சொல்லை மாலையாகக் கோத்துப் போடுவது. அவற்றில் சில சரி, சில சரியல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த முதல் பெண் அவர் என்று இன்றும் எழுதுகிறார்கள். மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் 1875-லேயே அங்கே சேர்க்கப்பட்டுவிட்டார்கள். முத்துலட்சுமி சேர்ந்தது 1907-ல். இந்த ஒரு ‘முதலை’ எடுத்துவிட்டால் அவருடைய பெருமை குறையப்போவதில்லை. 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபோடு பிணைந்த இசை வேளாளர் குலத்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு கிளம்பியபோது, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். 1912-ல் பதக்கங்களோடு மருத்துவப் பட்டம். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு திருமணம், சடங்குகள் இல்லாமல் 1872-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி. இவற்றுள் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்த எழும்பூர் வேலை. சட்டமன்றத்துக்கு வருமுன்பே அந்தச் சமுதாயத்தின் உடல்நிலையை அவர் படித்த இடம் அது.

அன்றைய மகப்பேறு மருத்துவமனைக்குப் பெண்கள் எப்படி வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் வரமாட்டார்கள். ஆண் டாக்டர் தொடக் கூடாது, வீட்டை விட்டு வெளியே பிள்ளை பெறக் கூடாது. வருபவர்கள் ஏழைகள், அல்லது வீட்டில் மருத்துவச்சியின் கையில் பிரசவம் சிக்கிப் போனபின் கடைசி நேரத்தில் வண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களில் பலர் இடுப்பெலும்பு முழுதாக வளராத சிறுமிகள். மருத்துவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்த நேரத்தில் அவர் கையில் மிச்சமிருக்கும் வழிகள் மிகக் குறைவு. தாயைக் காப்பாற்றுவதா, குழந்தையைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி அவர் முன் வைக்கப்படுகிறது. ஆனால் அந்தக் கேள்வி உருவான நாள் பிரசவ நாள் அல்ல. அந்தச் சிறுமிக்குக் கல்யாணம் நிச்சயமான நாள், அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய நாள், கர்ப்பம் தரித்த பிறகும் ஒரு பரிசோதனைகூட இல்லாமல் கழிந்த மாதங்கள். நோயின் காரணம் வார்டுக்கு வெளியே இருக்கும்போது மருந்தையும் வெளியேதான் தேட வேண்டும். முத்துலட்சுமியின் பொதுவாழ்வு முழுவதையும் இயக்கிய தர்க்கம் இதுதான் என்று நான் கருதுகிறேன். 1925-ல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றார். திரும்பி வந்த சில மாதங்களிலேயே இந்தியப் பெண்கள் சங்கம் அவரைச் சட்டமன்ற உறுப்பினர் பதவிக்கு முன்மொழிந்தது. 1917-ல் அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் தொடங்கிய சங்கம் அது. நம் ஆற்றங்கரைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு மருத்துவமனைக்கு மிக முன்பே தொடங்கிவிடுகிறது.

1927 ஜனவரியில் சட்டமன்றம் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகளில் அவர் கொண்டுவந்த தீர்மானங்களையும் மசோதாக்களையும் ஒரு மருத்துவரின் கண்ணோடு வரிசைப்படுத்திப் பாருங்கள். சென்னையில் குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும். ஏழைப் பெண்களுக்குப் பள்ளிக் கட்டணச் சலுகை வேண்டும். முஸ்லிம் மாணவியருக்கு விடுதி வேண்டும். பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்தச் சட்டம் வேண்டும் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரை. பெண்களை விலைக்கு விற்பதைத் தடுக்கவும் விபசார விடுதிகளை மூடவும் சட்டம். அது 1930-ல் நிறைவேறியது. கோயில்களுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்த 1927-ல் தீர்மானம், 1929-ல் இந்து சமய அறநிலையச் சட்டத் திருத்தம், 1930-ல் தனி மசோதா. பாடநூல் இவற்றில் கடைசி இரண்டை மட்டும் எடுத்துச் ‘சமூகச் சீர்திருத்தம்’ என்று பெயரிட்டுவிட்டு, முதலில் உள்ளவற்றைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் வரிசை முழுவதையும் ஒன்றாக வைத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கட்டங்கள் தெரிகின்றன: பிறக்கும் குழந்தை, பள்ளிச் சிறுமி, கல்யாணத்துக்குத் தள்ளப்படும் பெண், விற்கப்படும் பெண், பிரசவத்துக்கு வரும் பெண். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் உடலுக்கு என்ன கேடு நேர்கிறது, அதைத் தடுக்க அரசின் கையில் என்ன கருவி இருக்கிறது என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

இது நாம் பின்னாளிலிருந்து போட்டுக் காட்டும் கோடு அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1920களில் குழந்தைத் திருமணத்தைக் கண்டித்தவர்கள் எல்லோருமே உடல்நலத்தைக் காரணம் காட்டினார்கள். மோரோபந்த் ஜோஷி தலைமையில் அமைந்த சம்மத வயதுக் குழு நாடெங்கும் சாட்சியம் கேட்டபோது மருத்துவக் காரணங்கள் குவிந்தன. 1929-ல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வைத்தது. எனவே சுகாதார வாதத்தைப் பேசியதாலேயே முத்துலட்சுமியைச் சுகாதார அரசியல்வாதி என்று சொல்லிவிட முடியாது. வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்கு உடல்நலம் சட்டத்துக்கான வாதம். சட்டம் நிறைவேறியதும் வாதத்தின் வேலை முடிந்தது. முத்துலட்சுமியோ சட்டத்தோடு சேர்த்து நிறுவனத்தையும் கேட்டார். திருமண வயதை உயர்த்து என்று சொன்ன அதே மன்றத்தில், உயர்த்திய வயதுவரை அந்தப் பெண் எங்கே படிப்பாள், எந்த விடுதியில் தங்குவாள், அவள் உடலை யார் பரிசோதிப்பார்கள், அவள் பெறும் குழந்தைக்கு எந்த மருத்துவமனை என்றும் கேட்டார். தடையையும் வசதியையும் அவர் ஒருபோதும் பிரிக்கவில்லை. வெறும் தடைச்சட்டக்காரருக்கும் சுகாதாரத் திட்டம் தீட்டுபவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆனால் ஓர் இடத்தில் இந்த வாதம் தடுமாறுகிறது. அதை மறைக்கக் கூடாது. தேவதாசி மசோதாவை எதிர்த்தவர்கள் சத்தியமூர்த்தியைப் போன்ற அரசியல்வாதிகள் மட்டும் அல்லர். சென்னை மாகாணத்துத் தேவதாசிகளே சங்கமாகத் திரண்டு அரசுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் வழிபாட்டு உரிமையையும் விபசாரத்தோடு சேர்த்துக் கட்டுவது அநியாயம் என்றார்கள். கல்வி கொடுங்கள், தடை வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கையின் சாரம். இந்தக் குரலுக்கு முத்துலட்சுமி முழுச் செவி கொடுத்தார் என்று சொல்ல முடியாது. பால்வினை நோய்களைப் பற்றிய அந்தக் கால மருத்துவ மொழி நோயைச் சுமந்துவந்த ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களைச் சுட்டியது. அந்த மொழியை அவரும் பேசினார். அதன் விளைவை ஒரு தலைமுறைக் கலைஞர்கள் அவமானமாகச் சுமந்தார்கள். இசை வேளாளர் குலத் தாயின் மகள் என்பதால் அவருக்கு அந்த வலி தெரிந்திருந்தது. ஆனால் வலி தெரிந்தவர் எடுக்கும் முடிவுகள் எல்லாமே சரியாகிவிடுவதில்லை. அவர் பக்கம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. 1929-ஆம் ஆண்டுத் திருத்தம் கோயில் ஊழியத்தோடு கட்டப்பட்டிருந்த இனாம் நிலங்களை அந்த ஊழியத்திலிருந்து விடுவித்து, அனுபவித்து வந்த பெண்களிடமே விட்டது. பொட்டுக்கட்டுவதை நிறுத்தினால் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு, போதாது என்றாலும், ஒரு விடை அதில் இருந்தது. 1947-ல் ஓமந்தூரார் ஆட்சியில் இறுதியாக நிறைவேறிய தடைச்சட்டத்திலோ மறுவாழ்வுக்கான ஏற்பாடு எதுவும் இல்லை. தடையும் வசதியும் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சட்டமே உதாரணம்.

இனி அவருடைய அரசியலின் எல்லைக்கு வருவோம். முத்துலட்சுமி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அல்லர், ஆளுநர் நியமித்தவர். 1926 தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் தோற்றார். அன்றைய வாக்காளர் பட்டியலில் சொத்துள்ளவர்கள் மட்டுமே இருந்தார்கள், பெண்கள் மிகச் சிலரே. நியமனம் இல்லாமல் ஒரு பெண் அந்த மன்றத்துக்குள் நுழைந்திருக்க முடியாது என்பது ஒருபுறம். தொகுதி இல்லாத, கட்சி இல்லாத, ஆளுநரின் கையெழுத்தால் வந்த உறுப்பினருக்குப் பின்னால் அமைச்சரை நிர்ப்பந்திக்கும் பலம் எதுவும் இல்லை என்பது மறுபுறம். இரட்டையாட்சியின் பெரிய கோளாறு நாம் முன்பே பார்த்ததுதான்: சுகாதாரம் அமைச்சர் கையில், கருவூலம் ஆளுநரின் நிர்வாக சபை கையில். மன்றம் நிறைவேற்றும் தீர்மானம் வெறும் பரிந்துரை. குழந்தைகள் மருத்துவமனை வேண்டும் என்ற தீர்மானத்துக்குத் தலையசைத்த அரசு, இருந்த மகப்பேறு மருத்துவமனையிலேயே ஒரு குழந்தைகள் பிரிவை ஒட்டவைத்ததோடு திருப்தி அடைந்தது. எழும்பூரில் குழந்தைகளுக்கான தனி மருத்துவமனை எழுந்து நிற்க 1960களின் பிற்பகுதி ஆயிற்று. ஒரு தீர்மானத்துக்கும் ஒரு கட்டடத்துக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இல்லாவிட்டால் வார்டில் ஒரு கட்டில்கூட அதிகமாகாது என்பதை அவர் அந்த மூன்றரை ஆண்டுகளில் கண்டுகொண்டார்.

1930 மே மாதம் காந்தி கைதானதும் முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். தேவதாசி மசோதா பாதியில் நிற்கும்போது விலகியது சரியா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. மசோதாவை நிறைவேற்ற இன்னும் 17 ஆண்டுகள் ஆனதைப் பார்க்கும்போது அந்தக் கேள்விக்கு வலு இருக்கிறது. ஆனால் அந்நிய அரசின் நியமனத்தில் உட்கார்ந்துகொண்டு சிறைக்குப் போன தலைவரைப் பற்றி மௌனமாக இருப்பதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. விலகிய அதே காலத்தில், பொட்டுக்கட்டும் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த சிறுமிகளை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. சட்டத்தால் ஒரு கதவை மூடும்போது இன்னொரு கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்ற பழைய வாதம் இங்கே கட்டடமாக மாறுகிறது. இடையில் மாகாண அரசும் சும்மா இருக்கவில்லை. 1937-ல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் சுகாதார அமைச்சர். 1939-ல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் அப்படியொரு முழுமையான சட்டம் அதுவே முதல். நகராட்சிகள் தங்கள் சொந்த வருவாயில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றுகூட அதில் ஒரு விதி. அதில் முத்துலட்சுமிக்குப் பங்கு தேடிப் புகழ் சேர்க்க வேண்டியதில்லை. 1937-ல் அவர் சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மேன் ஆனார். ஆனால் அந்தச் சட்டம் வேறு கைகளின் வேலை. குறித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே: சுகாதாரத்துக்குச் சட்டமும் வேண்டும், பணம் ஒதுக்கும் கட்டாயமும் வேண்டும் என்று அவர் பத்தாண்டுக்கு முன் தனியாகப் பேசியதை மாகாணம் இப்போது ஏற்றுக்கொண்டிருந்தது.

புற்றுநோய்க்கு வருவோம். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். இங்கிலாந்தில் இருந்தபோது லண்டன் புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்தார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் இங்கேயும் அப்படியொன்று வேண்டும் என்று பேசினார். பெரியாஸ்பத்திரியில் 1934-லேயே பார்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டிருந்தது. ரேடியம் சிகிச்சை அங்கே கிடைத்தது. பின் எதற்குத் தனி மருத்துவமனை? அறுவை ஒரு துறை, கதிரியக்கம் ஒரு துறை, பெண் நோய் ஒரு துறை என்று நோயாளி கட்டடம் கட்டடமாக அலைகிற ஏற்பாட்டில் புற்றுநோயாளியைத் தொடர்ந்து கவனிக்க யாரும் பொறுப்பில்லை. சிகிச்சை முடிந்தபின் அவர் பிழைத்தாரா, நோய் திரும்பியதா என்று கேட்பவரும் இல்லை. ஒரே கூரையின்கீழ் எல்லாம் வேண்டும் என்பதே முத்துலட்சுமியின் கோரிக்கை. சுதந்திரம் வந்தபின்னும் அது எடுபடவில்லை. எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு ஏன் மருத்துவமனை என்கிற தொனியில் ஒரு அமைச்சர் பதில் சொன்னதாக அந்த நிறுவனத்தின் வரலாற்றில் இன்றும் சொல்கிறார்கள். 1949-ல் பெண்கள் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கியது. 1952 அக்டோபர் 10 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று ஒரு சிறு கட்டடத்தில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. வெளிநாட்டில் புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்ற அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு, எழும்பூர் மருத்துவமனையில் கிடைத்த நிலையான அரசு வேலையை விட்டுவிட்டு மயிலாப்பூரைச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். வி. சாந்தா. 2021 ஜனவரியில் மறையும்வரை அவர் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை.

இங்கே எழும் ஆட்சேபங்களில் மிகக் கூர்மையானது பொதுச் சுகாதார வல்லுநர்களிடமிருந்து வருவது. 1950களின் தமிழ்நாட்டில் காசநோய், அம்மை, காலரா, பிரசவ மரணம், சிசு மரணம் எல்லாம் கொத்துக் கொத்தாக மக்களைக் கொண்டுபோய்க் கொண்டிருந்தன. அப்போது விலையுயர்ந்த, பெரும்பாலும் முதிய வயதில் வரும் ஒரு நோய்க்கு மருத்துவமனை கட்டுவது தவறான முன்னுரிமை இல்லையா? தாய்சேய் நலத்துக்காக வாதாடியவர் கடைசியில் ஆடம்பர மருத்துவத்துக்குப் போய்விட்டாரா? எண்ணிக்கையை மட்டும் வைத்தால் ஆட்சேபம் நிற்கும். ஆனால் அந்தக் காலச் சென்னையில் புற்றுநோய் யாருக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சிறுவயதுத் திருமணம், அடுத்தடுத்த பிரசவம், சுகாதார வசதியின்மை ஆகியவற்றோடு ஒட்டிய நோய். ஆண்களும் பெண்களும் வெற்றிலை புகையிலையால் வாங்கிக்கொண்டது வாய்ப் புற்றுநோய். இரண்டுமே ஏழைகளின் நோய்கள், இரண்டுமே ஆரம்பத்தில் கண்டால் தீரக்கூடியவை. வெள்ளைப்படுவதையும் ரத்தம் படுவதையும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, முற்றியபின் வருகிற பெண், அதே எழும்பூர் வார்டுக்குக் கடைசி நேரத்தில் கொண்டுவரப்பட்ட சிறுமியின் வயதான வடிவம். 1981-ல் அந்த நிறுவனத்தில் தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு ஆண்டுக்கு ஆண்டு இந்த நோய்களை எண்ணி வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சென்னையில் படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்ததை நாம் அறிவது அந்தப் பதிவேட்டால்தான். திருமண வயது ஏறியதும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும் அந்தச் சரிவின் காரணங்களில் சேரும். 1928-ல் சட்டமன்றத்தில் கேட்ட கோரிக்கையின் பலனை ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில் பார்க்க முடிகிறது என்றால், இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு ஆட்சேபம் எளிமையானது: அடையாறு மருத்துவமனை அரசு மருத்துவமனை அல்லவே; தொண்டு நிறுவனம் நடத்திய ஒருவரைப் பொதுச் சுகாதாரத்தின் முன்னோடி என்று எப்படிச் சொல்லலாம்? மருத்துவமனை எந்த விதிப்படி நடக்கிறது என்பதுதான் என் அளவுகோல். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அங்கே படுக்கைகளில் பெரும்பகுதி கட்டணமில்லாத அல்லது சலுகைக் கட்டணப் பொதுப்பிரிவுக்கு. வசதியுள்ளவர் கொடுப்பது இல்லாதவரின் சிகிச்சைக்கு உதவும். யாராக இருந்தாலும் சிகிச்சை ஒன்றே. அரசையும் அந்த நிறுவனம் விட்டுவிடவில்லை. புற்றுநோய் மருந்துகளுக்கு இறக்குமதி வரி விலக்கு, நோயாளிகளுக்கு ரயில், பேருந்துப் பயணச் சலுகை ஆகியவற்றைக் கேட்டு வாங்கியதில் அதற்குப் பங்குண்டு. 1975-ல் மத்திய அரசு அதை மண்டலப் புற்றுநோய் மையமாக்கியது. 1984-ல் புற்றுநோய் மருத்துவத்தில் உயர் பட்டப்படிப்பு அங்கே தொடங்கி, அப்படிப் படித்தவர்கள் பல அரசு மருத்துவமனைகளுக்குப் போனார்கள். மறுத்த அரசை நிறுவனம் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டு வந்த வேலை இது. இருந்தாலும் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. குறைந்த சம்பளத்தில் ஆயுள் முழுதும் உழைக்கத் தயாரான கிருஷ்ணமூர்த்திகளும் சாந்தாக்களும் மாவட்டத்துக்கு ஒருவர் கிடைக்கமாட்டார்கள். அடையாறு இருக்கிறதே என்ற நிம்மதியில் அரசு பல பத்தாண்டுகள் மற்ற ஊர்களைப் பின்தள்ளியதும் உண்மை. தூத்துக்குடியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வரும் குடும்பங்கள் காந்தி நகர்ப் பக்கம் மலிவு அறை தேடி அலைவது அந்தத் தாமதத்தின் விளைவு. அதற்கு முத்துலட்சுமியைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கேட்டது அடையாற்றுக்கு மட்டும் இல்லை.

1956-ல் பத்மபூஷண், 1968 ஜூலை 22-ல் மறைவு. அவருடைய பிறந்தநாளை அரசு மருத்துவமனைகள் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகின்றன. ஆனால் அவர் பெயர் மக்கள் வாயில் அன்றாடம் புழங்குவது வேறொன்றால்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 1980களின் பிற்பகுதியில் 300 ரூபாயோடு தொடங்கியது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ஆனது. இதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தருவதாக ஏற்பாடு. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து ‘பிக்மி’ என்ற பதிவு எண் வாங்க வேண்டும். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வர வேண்டும். அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு தவணை. இந்தத் திட்டத்தை அவர் வகுக்கவில்லை. ஆனால் பிரசவ நாளுக்கு முன்னாலேயே தாயைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவருடைய தர்க்கம் இதன் தவணை வரிசையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அதற்கு இந்தப் பணம் மட்டும் காரணமில்லை. 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்து வாங்குவதற்கென்றே அமைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஆம்புலன்ஸ், சாலைகள் எல்லாம் சேர்ந்து வந்த பலன். ஆனாலும் ஏழைக் குடும்பத்தில் கர்ப்பிணியின் தட்டில் முட்டை விழுவதற்கு அந்தத் தவணைகள் உதவுகின்றன.

அப்படிப்பட்ட திட்டத்தில் இரண்டு நிபந்தனைகள் எனக்கு உறுத்துகின்றன. கர்ப்பிணிக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உதவி. இளவயதுத் திருமணத்தையும் அதிகப் பிள்ளைப்பேற்றையும் ஊக்குவிக்கக் கூடாது என்பது அவற்றுக்குச் சொல்லும் காரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. இவர்களில் எத்தனை பேர் தங்கள் கல்யாணத் தேதியைத் தாங்களே முடிவு செய்திருப்பார்கள்? மகப்பேறு உதவி கிடைக்காது என்று எந்தத் தகப்பன் மகளின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருப்பான்? போக்சோ சட்டப்படி புகார் ஆகிவிடும் என்ற பயத்தில் 18 வயது நிரம்பாத கர்ப்பிணியை மருத்துவமனைப் பக்கமே கூட்டிவராத குடும்பங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களை உள்ளே கொண்டுவர ஏதாவது ஒன்று தேவைப்படும்போது, இருக்கிற ஒன்றையும் நாம் மறுக்கிறோம். ரத்தசோகையும் குறைப்பிரசவமும் அதிகமாக வருவது இந்த வயதில்தான். மூன்றாவது பிரசவத்துக்கு வருபவளுக்கும் ஆபத்து குறைவில்லை. முத்துலட்சுமி 1928-ல் கேட்ட சட்டம் சிறுமிக்குக் கல்யாணம் செய்துவைப்பவர்களைத் தடுப்பதற்கானது. கர்ப்பமாகிவிட்ட சிறுமிக்கு வார்டை மூடச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை, அவளைக் கண்டுதான் அவர் சட்டமன்றத்துக்கே வந்தார். அவர் பெயர் தாங்கிய திட்டத்திலிருந்து அந்தச் சிறுமி விலக்கப்பட்டிருக்கிறாள். மத்திய அரசின் மகப்பேறு உதவித் திட்டத்தோடு இது இணைக்கப்பட்டிருப்பதால் வயது விதியில் கை வைக்க முடியாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். மத்திய அரசு தன் பங்கைத் தர மறுத்தாலும், மாநிலம் தன் பங்கைத் தருவதற்குத் தடையில்லை. இதற்குச் சட்டமன்றத்தில் மசோதா தேவையில்லை, வயது வரம்பையும் பிரசவ வரம்பையும் நீக்கும் ஓர் அரசாணை போதும்.